கந்தோர் வாடகைக்கு

கல்லடி, மட்டக்களப்பு
மாசி மாதம்

அன்பின் மச்சான்,

நாங்கள் வந்து சேர்ந்து ஒன்பது நாள். கால் வீக்கம் இப்போதுதான் வடிந்திருக்கிறது. நீ அக்கரைப்பற்றிலிருந்து இரண்டு தரம் கோல் எடுத்திருக்கிறாய். ஒரு தரம் நித்திரை, மற்றத் தரம் ஒட்டறை அடித்துக்கொண்டு நின்றேன். ஆறு கிழமை பூட்டிக் கிடந்த வீடு, மாரி மழைக்குச் சுவரெல்லாம் பூஞ்சணம். போனில் இதையெல்லாம் ஆறுதலாகச் சொல்ல முடியாது, அதுதான் எழுதுகிறேன்.

பாரிஸில் மகள் வீட்டில் இருந்த கதையில் புதினம் குறைவு. குளிர், ஹீட்டர், லா சப்பல் தமிழ்க் கடைகளில் முருங்கைக்காய். மருமகனுக்கு மூன்று நாள் லீவு கிடைத்ததும் ரயிலேறி ஆம்ஸ்டர்டாம் போனோம். மூன்றரை மணித்தியாலம். ஐந்து மணிக்கே அங்கே நல்ல இருட்டு. விடிவதும் எட்டே முக்காலுக்குத்தான்.

அடுத்த நாள் காலை வாய்க்கால் கரையோரம் நடந்துகொண்டிருந்தோம். ஒரு வீட்டுக் கண்ணாடியில் பெரிய எழுத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. பேரன் எழுத்துக்கூட்டி "கான்தோர்" என்றான். மருமகன் போனில் பார்த்துவிட்டு, "ஒஃபிஸ் வாடகைக்கு இருக்காம் மாமா" என்றான். நான் அப்படியே நின்றுவிட்டேன். முப்பத்தொரு வருஷம் காலையில் சைக்கிளை எடுத்தால், "எங்க போறீங்க?" என்று கேட்பவர்களுக்கு நானும் நீயும் சொன்ன சொல் அதுதானே. கந்தோருக்கு. அந்தக் கந்தோரும் எங்கே? இரண்டு பக்கம் வாவியும் இரண்டு பக்கம் அகழியுமாக இருக்கிற ஒல்லாந்தர் கோட்டைக்குள். மேசை லாச்சி, நொத்தாரிசு, கறிக்குப் போஞ்சி, பின்பக்கம் கக்கூஸ் எல்லாம் அவர்கள் விட்டுப் போன சொற்கள். உன் தங்கச்சிக்குக் கடைசிச் சொல்லைக் கேட்டதும் சிரிப்பு. "சொந்தமா ஒன்டும் கட்டல்லயா நாம?" என்கிறாள்.

ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கொம்பனித் தலைமைக் கட்டடம் இன்னும் நிற்கிறது. இப்போது பல்கலைக்கழகம். நான்தான் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று அவர்களை இழுத்துக்கொண்டு போனேன். கொம்பனி தொடங்கியது 1602இல். அதே வருஷம்தான் ஸ்பில்பெர்கன் என்ற கப்பற்காரன் மட்டக்களப்பில் வந்து இறங்கினான். போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டையைப் பத்தே வருஷத்தில், 1638 மே மாதம், ஒல்லாந்தர் பிடித்தார்கள். அப்பேர்ப்பட்ட இடத்தில் நின்றால் கோபம் வரும், இல்லாவிட்டால் பெருமூச்சாவது வரும் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. முற்றத்தில் சைக்கிள்கள், ஒரு பெட்டை படியில் குந்தியிருந்து பாண் தின்றாள். எனக்கு வந்ததெல்லாம் கிளறிக்கல் யோசனைதான். இங்கே பதினேழு பேர் கூடித் தீர்மானம் எடுப்பார்களாம். அதைப் படியெடுத்துக் கப்பலில் அனுப்பிப் பதில் வர மாதக்கணக்கு. அந்தப் படிகளை எழுதினவனுக்கும் நம்மைப் போல முதுகு வலித்திருக்கும். கொழும்புச் சுற்றறிக்கை நமக்கு வந்து சேர்ந்த வேகத்தை நினைத்தால் கப்பல் பரவாயில்லை.

கறுவா விஷயம் வேறு. விலை விழக்கூடாது என்று 1760இல் இந்த நகரத்தில் கறுவாவைக் குவித்து எரித்தார்களாம். நம்முடைய தீவில் உரித்த பட்டை. அதைச் சொன்னபோது உன் தங்கச்சி கையில் கறுவா மணக்கும் பாணி வட்டம் ஒன்று, நடுவில் பாணி வைத்த வட்ட பிஸ்கட். சூடான தேத்தண்ணிக் கோப்பையின் மேல் மூடி மாதிரி வைத்து இளக விட்டுத் தின்பார்கள். "எரிச்சது போக மிச்சம்" என்று கடித்தாள்.

தங்கிய இடத்தைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன். படம் பார்த்துக் காசு கட்டியது. போனால் நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை, படியென்று பரண் ஏணி. கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். முழங்கால் நோவுக்காரியை நானும் மருமகனும் முன்னும் பின்னுமாக ஏற்றினோம். அங்கே எல்லா வீடும் இப்படித்தான், ஒடுங்கி உயர்ந்தது. அதனால் உச்சி முகட்டில் ஒரு மரச்சட்டம் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் கொளுக்கி. கட்டில் அலுமாரி எல்லாம் கயிறு கட்டி ஜன்னலால்தான் ஏறும். சுவரில் இடிபடாதபடி வீட்டையே கொஞ்சம் தெருப்பக்கம் சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள். பக்கவாட்டில் சரிந்தவையும் இருக்கின்றன. அது கீழே மரக்கம்பம் உக்கியதால். நகரமே சேற்றில் இறக்கிய கம்பங்களின் மேல்தான் நிற்கிறது. அரண்மனைக்கு மட்டும் 13,659. போன வருஷம் இங்கே வந்திருந்தபோது கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலின் சரிந்த கோபுரத்தைப் பார்த்திருந்த பேரன், "அம்மப்பா, இங்கயும் சுனாமி வந்ததா?" என்று கேட்டான்.

அதற்கு மறுமொழி அடுத்த நாள் கிடைத்தது. நகரசபைக் கட்டடத்துக்குள் கண்ணாடிக் குழாய்கள் நிற்கின்றன, உள்ளே தண்ணீர். இரண்டில் இப்போதைய கடல் மட்டம் ஏறி இறங்குகிறது. மூன்றாவது 1953ஆம் ஆண்டு வெள்ளத்தின் உயரம், நாலரை மீற்றருக்கு மேல். அண்ணாந்து பார்க்க வேண்டும். நான் அதன் அருகே போய் நின்று, 2004இல் நம் வீட்டுச் சுவரில் இருந்த சேற்று அடையாளத்தை என் உடம்பில் அளந்து பார்த்தேன். நெஞ்சுக்கு மேலே. மகள் கண்டுவிட்டாள், ஒன்றும் பேசவில்லை, வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. இந்த நாட்டுக்காரர் வாய்க்கால் தண்ணீரைக் கடல் மட்டத்துக்கு நாற்பது சென்ரிமீற்றர் கீழே கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்கள், ஏறவும் விடுவதில்லை, இறங்கவும் விடுவதில்லை. நாம் ஒவ்வொரு மாரிக்கும் வெள்ளம் வடிய முகத்துவாரத்தை எப்போது வெட்டுவார்கள் என்று வாசலில் நின்று பார்க்கிறோம். பொறாமையாகத்தான் இருந்தது, மச்சான்.

கடைசி நாள் நல்ல குளிர். சின்ன வாய்க்கால் ஒன்றில், பாற்சட்டியில் ஆடை படிந்த மாதிரி, மெல்லிய பனிக்கட்டி. பேரன் ஒரு சிறு கல்லை அதன் மேல் தட்டையாக எறிந்தான். கல் உள்ளே போகவில்லை, வழுக்கிக்கொண்டே போனது. போகப் போக ஒரு சத்தம்: கீச், கியூங், கியூங் என்று குருவியும் தந்தியும் கலந்த மாதிரி, பாலத்துக்கடியில் போய்த் தேய்ந்தது. நானும் ஒன்று எறிந்தேன். பிறகு உன் தங்கச்சியும். கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்து மீன் பாட்டுக் கேட்டோமே, அந்த இரவு உனக்கு ஞாபகமிருக்கிறதா? நீ கேட்கவில்லை என்றாய், நான் கேட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

கண் ஒப்பரேஷன் எப்போது என்று எழுது, நான் வந்து நிற்கிறேன். உனக்கென்று கொண்டுவந்த பாணி வட்டம் இரண்டு பெட்டி. ஒன்றை எறும்பு கண்டுபிடித்துவிட்டது. மற்றதை லாச்சிக்குள் பூட்டி வைத்திருக்கிறேன், கெதியாக வா.

உன்,
கந்தோர்க் கூட்டாளி