பேசுகிறவரை விடுங்கள், கேட்கிறவரைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் கடிதப் பகுதியில் சேலத்து வாசகர் ஒருவர் 'மெய்யழகன்' படத்தைப் போட்டுத் தாக்கியிருந்தார். இரண்டு ஆண்பிள்ளைகள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேசுகிறார்கள், இதைப் பார்க்க டிக்கெட் எதற்கு, எங்கள் தெருத் திண்ணைக்கு வந்தால் இலவசமாகவே கேட்கலாம் என்கிறார். படம் என்றால் ஏதாவது நடக்க வேண்டும் என்கிறார். சரிதான், நடக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் படத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று அவர் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சொத்துத் தகராறில் வீட்டை இழந்து 1996-இல் தஞ்சாவூரை விட்டுப் போன குடும்பத்துப் பிள்ளை அருள்மொழி. ரொம்ப வருடம் கழித்து, தங்கை கல்யாணத்துக்காக வேண்டாவெறுப்பாக நீடாமங்கலம் வருகிறார். மண்டபத்தில் 'அத்தான், அத்தான்' என்று ஒருவர் வந்து ஒட்டிக்கொள்கிறார். அவர் யார், பேர் என்ன, எந்த வழியில் சொந்தம் என்று இவருக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. கேட்கக் கூச்சம். கடைசி பஸ்ஸும் போய்விட்டது. இனி விடியும்வரை, மறந்துபோனது வெளியே தெரியாமல் தலையாட்டிக்கொண்டிருக்க வேண்டும். இதுதான் நடக்கிறது! கல்யாண வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு "என்னைத் தெரியுதா சொல்லு" என்று கேட்கும் பெரியம்மாவிடம் மாட்டாதவர் யார் இருக்கிறார்கள்? அந்த ஒரு நிமிட அவஸ்தையை ஒரு ராத்திரிக்கு நீட்டியிருக்கிறார் இயக்குநர் பிரேம்குமார். அருள்மொழி வீட்டார் விட்டுப்போன ஒரு பழைய சைக்கிள் தன் வாழ்க்கையையே மாற்றிய கதையைக் கார்த்தி சொல்லும்போது, அருள்மொழியாக வரும் அரவிந்த்சாமியின் முகத்தைப் பாருங்கள். தன்னால் ஒரு குடும்பம் எழுந்து நின்றதே தனக்குத் தெரியாமல் இத்தனை நாள் இருந்துவிட்டோமே என்ற வெட்கம் அதில் ஏறிக்கொண்டே போகும்.

ஒரு படம் தேறுமா தேறாதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனையும் இதுதான். ஒருவர் பேசும்போது எதிரில் இருக்கிறவர் என்ன செய்கிறார்? தன் வசனம் எப்போது வரும் என்று காத்திருக்கிறாரா, இல்லை நிஜமாகவே கேட்கிறாரா?

இந்தச் சோதனை புத்தகம் படித்து வந்ததில்லை. எங்கள் ஊர் தியேட்டரில் கேண்டீன் குத்தகை எங்கள் வீட்டில்தான் இருந்தது. கல்லாவில் இருக்கிறவனுக்குத் திரை தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். ஆனால் உள்ளே இருக்கும் ஜனம் எப்போது எழுந்து வரும் என்று தெரிந்துவிடும். பாட்டுக்கு வருவார்கள், அது எல்லோருக்கும் தெரிந்தது. சண்டைக்கும் வருவார்கள் என்றால் நம்ப மாட்டீர்கள். யார் ஜெயிப்பார் என்றுதான் தெரியுமே, அதற்குள் ஒரு டீயும் பீடியும் முடித்துவிடலாம். 'காதலிக்க நேரமில்லை' பெட்டி மறுபடி வந்தால் மட்டும், நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்ல ஆரம்பித்ததும் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிடுவோம். போண்டா போட்டால் வீண்தான், ஒரு ஈ காக்கை வெளியே வராது.

1964-இல் ஸ்ரீதர் எடுத்த படம், வசனத்தில் சித்ராலயா கோபு. அந்தக் காட்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் நாகேஷைத்தான் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான், அந்த உடம்பும் குரலும் யாருக்கு வரும்? ஆனால் நிதானமாகப் பார்த்தால், நாகேஷ் சொல்வதில் கதை என்று ஒன்றும் கிடையாது. வெறும் சத்தம், கைவீச்சு, கண்ணை உருட்டல். பயம் முழுவதும் பாலையாவிடம் இருக்கிறது. பையன் 'ஓஹோ புரொடக்சன்ஸ்' என்று கம்பெனி வைத்துக்கொண்டு அப்பன் காசைக் கரைக்கப் பார்க்கிறான், இவனுக்குப் பிடி கொடுக்கக் கூடாது என்று கெத்தாக உட்காரும் எஸ்டேட் முதலாளி, கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தை மாதிரி ஆகிவிடுகிறார். பாலையா பயப்படாமல் இருந்தால் நாகேஷ் வெறுமனே குரங்குச் சேட்டை செய்தவராகத்தான் தெரிவார்.

அதே பாலையாவை நாலு வருடம் கழித்து 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில், 'நலந்தானா' பாட்டில் பார்க்கலாம். காயம்பட்டுத் தேறி வந்திருக்கும் நாதஸ்வரக்காரரிடம், சபை நடுவே ஆடிக்கொண்டே மோகனா நலம் விசாரிக்கிறாள். பாடியது சுசீலா, நாதஸ்வரம் வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஆக சிவாஜிக்கும் பத்மினிக்கும் அங்கே சொந்தக் குரலில் ஒரு சொல் கிடையாது. அவள் கேட்பதை அவர் கேட்கிறார், அவ்வளவுதான். பக்கத்தில் தவிலோடு இருக்கும் பாலையாவோ இரண்டு பேருக்கும் நடுவில் என்ன ஓடுகிறது என்று புரிந்துகொண்டு, தாளத்தையும் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்குப் புரிந்தது நமக்கும் புரிகிறது. இதற்கு மேல் விளக்கம் சொல்ல ஒரு ஆள் வேண்டுமா?

மகேந்திரனையும் சொல்லாமல் விட முடியாது. வசனமே பிடிக்காத மனிதர் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அது அரைகுறைப் பேச்சு; சிவாஜியின் 'தங்கப்பதக்கம்' படத்துக்குக் கதை வசனம் எழுதியவரே அவர்தான். 1978-இல் 'முள்ளும் மலரும்' எடுத்தபோது, ரஜினிக்கு வசனம் கொடுத்தது போலவே சரத்பாபுவுக்கு அதைக் கேட்கும் வேலையையும் கொடுத்தார். ஒரு கையை இழந்த காளி, தங்கையைக் கட்டிக்கொடுக்கச் சம்மதித்துவிட்டு, இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று இன்ஜினியரின் முகத்துக்கு நேரே சொல்கிறான். வேறு படமாக இருந்தால் இன்ஜினியர் கட்டிப்பிடித்து அழுதிருப்பார், இல்லை பதிலுக்கு ஒரு வசனம் விட்டிருப்பார். இங்கே இன்ஜினியரான சரத்பாபு நின்று கேட்கிறார், அவ்வளவுதான். 2023-இல் சரத்பாபு காலமான செய்தி வந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் காட்சியில் அவர் நின்ற நிலைதான்.

இன்றைக்கு வரும் பெரிய படங்களில் எனக்குள்ள குறை இங்கேதான். கதாநாயகன் பேசும்போது எதிரில் இருக்கும் அடியாள் பயந்து பின்வாங்குவான், சுற்றி நிற்கிற கூட்டம் கைதட்டும், பின்னணி இசை காதைக் கிழிக்கும். யாரும் கேட்பதில்லை. கேட்க அங்கே புதிதாக எதுவும் இல்லையே. துணை நடிகர் நல்லவராகவே இருப்பார், பாவம், அவருக்கு எழுதியிருப்பது 'அண்ணே' என்ற ஒரு சொல்லாக இருக்கும்.

இதற்கு நம் வீட்டு அம்மாக்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: சீரியலிலும்தான் ஒருத்தி பேசினால் கேட்கிற ஏழு பேர் முகத்தையும் மாறி மாறிக் காட்டுகிறார்கள், அதெல்லாம் நல்ல படமா? உண்மைதான். முகத்தைக் காட்டினால் மட்டும் போதாது. கேட்கிறவருக்கு மறைக்கவோ இழக்கவோ ஏதாவது இருக்க வேண்டும். பாலையாவுக்குக் கெத்து, மோகனாவின் ஆளுக்கு ரோஷம், அருள்மொழிக்கு மறந்துபோன ஒரு பெயர். அது இல்லாமல் ஏழு முகம் காட்டினாலும் எழுபது முகம் காட்டினாலும் ஒன்றுதான்.

அப்புறம், ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். 'மெய்யழகன்' வெளியான சில நாளிலேயே, நீளம் என்ற புகாரால் ஏறக்குறைய 18 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். முதல் நாள் பார்த்தவரும் அடுத்த வாரம் பார்த்தவரும் பார்த்தது ஒரே படம் இல்லை. சேலத்து நண்பர் எதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. உங்கள் விமர்சகர் எதைப் பார்த்தார் என்றும் தெரியவில்லை. இப்போதெல்லாம் பல படங்களுக்கு இதே கதி. ஆகவே விமர்சனத்தின் அடியில் நடிகர், இசை, ஒளிப்பதிவு என்று போடுகிற இடத்தில், விமர்சகர் பார்த்தபோது படம் எத்தனை நிமிடம் ஓடியது என்றும் ஒரு வரி போடுங்கள். நட்சத்திரம் போடும் இடத்தைக் கொஞ்சம் சுருக்கினால் அதற்கு இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
பழைய கேண்டீன்காரர் ஒருவர்,
தேனி மாவட்டம்