சாவி யாரிடம் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் தீத்தடுப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஒயரிங்கை அவ்வப்போது சோதிக்க வேண்டும், ஒரே பிளக்கில் நான்கைந்து கருவிகளைச் செருகக் கூடாது, தீயணைப்பான் மாட்டினால் மட்டும் போதாது, அதைப் பிடித்து அடிக்கவும் தெரிய வேண்டும் என்று எல்லாமே சரியாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் தீ பிடித்துவிட்டால், அணைக்க வருகிறவர்கள் கட்டிடத்துக்குள் எப்படி நுழைவார்கள் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. குறையாகச் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு முன்புவரை நானும் அதை யோசித்ததில்லை.

நான் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். ஒரு நாள் பின்னிரவில் கீழ்த்தளத்து மீட்டர் அறையிலிருந்து புகை வந்தது. போன் செய்த சில நிமிடங்களில் தீயணைப்பு வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது. கூத்து அதற்கப்புறம்தான். உள்பாதையின் வளைவில் யார் வீட்டு விருந்தாளியோ காரை நிறுத்தியிருந்தார். வண்டியால் திரும்ப முடியவில்லை. வீரர்கள் தண்ணீர்க் குழாயைத் தோளில் சுமந்துகொண்டு ஓடி வந்தார்கள். மீட்டர் அறை பூட்டியிருந்தது. சாவி வாட்ச்மேனிடம் இருக்கும் என்றேன் நான். எலக்ட்ரீஷியனிடம் இருக்கிறது என்றார் வாட்ச்மேன். எலக்ட்ரீஷியன் போனை எடுக்கவில்லை. மின்சாரத்தை நிறுத்தாமல் தண்ணீர் அடிக்க முடியாது. நிறுத்த வேண்டிய மெயின் சுவிட்சோ பூட்டிய அந்த அறைக்குள்ளேயே இருந்தது! கடைசியில் கதவை உடைத்தார்கள். திருட்டுப் பயத்தில் நாங்களே பார்த்துப் பார்த்து மாட்டிய இரும்புக் கதவு அது, லேசில் உடையவில்லை. நல்லவேளை, சில மீட்டர்கள் கருகியதோடு போயிற்று. கிளம்பும்போது அவர்களில் மூத்தவர் என்னிடம், "சார், அடுத்த தடவை நாங்க வந்தா யாரைக் கேக்கணும்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அன்று கதவருகே வீணான அதே நிமிடங்கள், ஒரு வீட்டுக்குள் தீ பிடித்திருக்கும்போது வீணாகியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று பிறகு படித்துப் பார்த்தபோது வயிறு கலங்கியது. நுரை மெத்தை, சோபா, பிளாஸ்டிக் என்று நிறைந்திருக்கும் இன்றைய அறையில் ஒரு மூலையில் பிடித்த தீ, சில நிமிடங்களிலேயே அறை மொத்தத்தையும் ஒரே வீச்சில் பற்ற வைத்துவிடும். கூரையை ஒட்டித் தேங்கும் புகையின் வெப்பம் 500, 600 டிகிரி செல்சியஸை எட்டும்போது இது நடக்கிறது. அதற்கும் முன்பே புகை ஆளைச் சாய்த்துவிடும். நுரை எரியும்போது கார்பன் மோனாக்சைடு மட்டுமல்ல, ஹைட்ரஜன் சயனைடும் வருகிறது. நெருப்பைவிடப் புகைக்குத்தான் அதிகம் பேர் பலியாகிறார்கள்.

சாவி விஷயம் புதிதல்ல. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை எரிந்தபோது 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். ஒன்பதாவது மாடியில் படிக்கட்டுக் கதவு ஒன்று பூட்டியிருந்தது. அதன் சாவியை வைத்திருந்த மேலாள் வேறு வழியாகத் தப்பிப் போய்விட்டார். வீரர்கள் சீக்கிரமே வந்தார்கள், ஆனால் அவர்களுடைய ஏணி ஆறாவது மாடிவரைதான் எட்டியது.

லண்டனின் கிரென்ஃபெல் டவர் 2017 ஜூன் 14 அன்று எரிந்து 72 பேர் இறந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எல்லோரும் பேசியது வெளிச்சுவரில் ஒட்டிய எரியக்கூடிய பலகைகளைப் பற்றி. அதுதான் முதன்மைக் காரணம், சந்தேகமில்லை. ஆனால் விசாரணையில் சின்னச் சின்ன விஷயங்களும் வெளியே வந்தன. லிஃப்டைத் தங்கள் கட்டுப்பாட்டில் எடுக்கும் சுவிட்ச் வீரர்களுக்கு வேலை செய்யவில்லை. கட்டிடத்தின் வரைபடம் அவர்கள் கையில் இல்லை. படிக்கட்டுப் புகையில் எந்த மாடியில் நிற்கிறோம் என்று கண்டுபிடிப்பதே பாடாக இருந்தது. அதன் பின் இங்கிலாந்தில் வந்த விதிகள் 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளன. குறைந்தது 18 மீட்டர் உயரமோ ஏழு மாடியோ உள்ள குடியிருப்புகளில், வரைபடங்களும் பொறுப்பாளரின் தொடர்பு எண்ணும் அடங்கிய பூட்டிய தகவல் பெட்டி இருந்தாக வேண்டும். மாடி எண்கள் புகையிலும் மங்கலான வெளிச்சத்திலும் தெரியும்படி எழுதியிருக்க வேண்டும். தீயணைப்பு லிஃப்டை மாதாமாதம் சோதிக்க வேண்டும். இதில் எது பெரிய செலவு, சொல்லுங்கள்? மாடி எண் எழுத ஒரு டப்பா பெயின்ட் போதாதா?

எங்கள் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசியபோது முதலில் வந்த எதிர்ப்பு, "சாவியை வாசலில் வைத்தால் திருடனுக்குக் கொண்டாட்டம்" என்பது. நியாயமான பயம்தான். அமெரிக்காவில் பல ஊர்களில் இதற்கொரு வழி வைத்திருக்கிறார்கள். வாசல் சுவரில் பதித்த கனமான இரும்புப் பெட்டிக்குள் கட்டிடத்தின் சாவிகள் இருக்கும். பெட்டியைத் திறக்கும் சாவி அந்த ஊர்த் தீயணைப்புத் துறையிடம் மட்டுமே இருக்கும். அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில், எந்நேரமும் ஆள் இருக்கும் காவல் அறையில் மாற்றுச் சாவிகளைப் பெயர் எழுதி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பெயர் எழுதுவது முக்கியம். எங்கள் காவல் அறையில் கிடந்த வளையத்தில் முப்பதுக்கு மேல் சாவிகள். எது எதற்கென்று தெரிந்த வாட்ச்மேன் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார்.

வண்டி வரும் பாதையும் இப்படித்தான். அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் தீ விதித்தொகுப்பு, பாதை குறைந்தது 20 அடி அகலமும் தலைக்கு மேல் பதிமூன்றரை அடி இடைவெளியும் இருக்க வேண்டும் என்கிறது. நாங்கள் டேப்பை எடுத்து அளந்தோம். காகிதத்தில் எங்கள் பாதை அகலம்தான். இரண்டு பக்கமும் வண்டி நின்றால் பாதிகூட மிஞ்சவில்லை. பாதைக்கு மேல் நிற்கும் அலங்கார வளைவின் உயரத்தைப் பற்றி இப்போதைக்கு எதுவும் சொல்லாமல் விடுகிறேன், அதைக் கட்டியவர்கள் இன்னும் சங்கத்தில் இருக்கிறார்கள்.

படிக்கட்டில் கிடந்த சைக்கிள்கள், பழைய கட்டில்களைக் காலி செய்தது ஒரு தனிக் கதை. தானாக மூடிக்கொள்ள வேண்டிய தீத்தடுப்புக் கதவுகளைக் காற்றுக்காகக் கல் வைத்துத் திறந்து வைப்பது மட்டும் இன்னும் நிற்கவில்லை. தினமும் நான் கல்லை எடுக்கிறேன், யாரோ திரும்ப வைக்கிறார்கள்.

உருப்படியாக நடந்தது ஒன்று. பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தாரைச் சும்மா ஒரு நாள் வந்து பார்க்கச் சொல்லி அழைத்தோம். ஒரு மணி நேரம் சுற்றினார்கள். குழாய் இணைக்கும் இடத்தை மறைத்திருந்த பூந்தொட்டி வரிசை அவர்கள் கண்ணில்தான் பட்டது. தானாக நடக்க முடியாத பெரியவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். அந்தப் பட்டியலும், மெயின் சுவிட்ச், தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் சுவிட்ச் இருக்கும் இடங்களும் இப்போது ஒரே தாளில் எழுதி, சாவிகளோடு காவல் அறைப் பெட்டியில் இருக்கின்றன. படிக்கட்டில் தேங்கும் புகையை வெளியேற்ற உச்சியில் உள்ள மொட்டைமாடிக் கதவைத் திறக்க வேண்டி வரலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தச் சாவி மட்டும் இன்னும் பெட்டிக்கு வந்து சேரவில்லை. மூன்று பேரிடம் கேட்டுவிட்டேன். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு குடியிருப்போர் சங்கச் செயலாளர்