பசை தடவுமுன் வாட்டம் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மழைக்கு முன் வீட்டைத் தயார்படுத்துவது பற்றி உங்கள் இதழில் வந்த குறிப்புகளில், கூரை விளிம்புப் பீலி (மழைநீரை வாங்கி வடிக்கும் கட்டர்) ஒழுகினால் இணைப்புகளில் சிலிக்கான் பசை தடவினால் போதும் என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். அது போதாது. பல வீடுகளில் அந்தச் சிலிக்கானே அடுத்த ஒழுகலுக்குக் காரணமாகிவிடும். ஒழுகும் பீலிகளில் பெரும்பாலானவை முதலில் தொங்கியவைதான். தொங்கலைச் சரிசெய்யாமல் ஒழுகலை அடைப்பது வீண் செலவு.

காரணம் எளிது. அஞ்சு அங்குல அரைவட்டப் பீலி நிரம்பினால் மீட்டருக்கு ஏறத்தாழ 6 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். 10 மீட்டர் நீளத்துக்கு 60 கிலோ. அதில் ஈரச் சகதியும் இலையும் சேர்ந்தால் இன்னும் கூடும். வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) சரியாக இருந்தால் இந்த எடை சில நிமிடங்களில் வடிந்துவிடும். பீலியைத் தாங்கும் ஒரு கொக்கி தளர்ந்து அந்த இடம் அரை அங்குலம் இறங்கினால், மழை நின்ற பிறகும் அங்கே தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீரின் எடை பக்கத்துக் கொக்கிகளை இழுக்கும், பள்ளம் பெரிதாகும். பள்ளத்துக்குள் ஓர் இணைப்பு இருந்தால் அது நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறும். எந்தப் பசையும் அதை வெகுநாள் தாங்காது. கொசு முட்டையிட்டு வளர ஒன்றரை வாரம் தேங்கிய தண்ணீர் போதும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தொங்கலைக் கண்டுபிடிக்க மழைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பீலியைச் சுத்தம் செய்வதற்கு முன் உள்பக்கத்தைப் பாருங்கள். தண்ணீர் நின்று வற்றிய இடத்தில் பீலியின் உள்சுவரில் ஒரு அழுக்குக் கோடு இருக்கும். அந்தக் கோடு எங்கே அடிமட்டத்திலிருந்து அதிக உயரத்தில் இருக்கிறதோ, அங்கேதான் பள்ளம் ஆழம். சகதியை வாரிவிட்டால் இந்தத் தடயம் போய்விடும்; அதனால் முதலில் சாக்பீஸால் வெளிப்பக்கம் குறித்துவிட்டு, பிறகு வாருங்கள்.

அடுத்தது வாட்டம். 3 மீட்டருக்கு 6 மில்லிமீட்டர், அதாவது பத்து அடிக்குக் கால் அங்குலம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. 12 மீட்டர் நீளத்துக்கு மொத்த இறக்கம் 24 மில்லிமீட்டர். அதற்கும் நீளமான பீலியை ஒரே பக்கமாக இறக்காமல், நடுவை உயரமாக வைத்து இரு முனைக்கும் ஆளுக்கொரு இறங்கு குழாய் வைப்பது நல்லது. வாட்டம் அதிகமானால் தண்ணீர் ஓடுவதில் குறையில்லை. ஆனால் தாழ்ந்த முனை கூரை விளிம்பிலிருந்து வெகுவாகக் கீழே போய்விடும். காற்றோடு வரும் மழையில் தண்ணீர் பீலியைத் தாண்டி விழும்.

அளவெடுக்க ரசமட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டடி மட்டத்தை வைத்து 12 மீட்டருக்குப் பார்த்தால் சிறு பிழைகள் கூடிக்கொண்டே போகும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும், தண்ணீர் நிரப்பிய டியூப் இதற்கு மிகச் சரியானது. இரு முனையிலும் ஒரே மட்டத்தைக் குறித்து, இறங்கு குழாய் இருக்கும் முனையில் தேவையான இறக்கத்தைக் கழித்து, இரண்டு ஆணிக்கு நடுவே நூல் பிடியுங்கள். நூல் தளர்ந்திருந்தால் அதுவே நடுவில் தொய்யும். விறைப்பாகக் கட்ட வேண்டும். டியூபுக்குள் காற்றுக் குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும், அதையும் பாருங்கள்.

இனிக் கொக்கிகள். பழைய உலோகப் பீலிகளில் முன்விளிம்பிலிருந்து, பீலி பொருத்தியிருக்கும் கூரை விளிம்புப் பலகை வரை ஒரு நீள ஆணியும், நடுவே ஒரு குழல் துண்டும் இருக்கும். மழையில் மரம் உப்பி வெயிலில் சுருங்க, ஆணி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். அதைச் சுத்தியலால் மறுபடி அடித்து ஏற்றுவதுதான் எல்லாரும் செய்வது. ஓட்டை ஏற்கெனவே அகன்றுவிட்டதால் அந்த ஆணி அடுத்த பெருமழை வரைதான் நிற்கும். ஆணியை எடுத்துவிட்டு, ஸ்க்ரூவால் பிடிக்கும் உட்புறக் கொக்கியை ஓட்டையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளிப் பொருத்துங்கள். ஆணி வர மறுத்தால் இழுத்து முன்விளிம்பை நெளிக்காதீர்கள். ஹாக்சா பிளேடால் அறுத்துவிடலாம். ஸ்க்ரூ குறைந்தது 5 சென்டிமீட்டர் மரத்துக்குள் போக வேண்டும். முடிந்தவரை கைமரத்தின் (கூரையைத் தாங்கும் சாய்ந்த மரம்) முனையில் விழும்படி இடம் பாருங்கள், வெறும் பலகையைவிட அது பல மடங்கு உறுதி. துருப்பிடிக்காத எஃகு அல்லது நன்கு துத்தநாகம் பூசிய ஸ்க்ரூ மட்டும் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொக்கிகளுக்கு இடையே 60 சென்டிமீட்டர். உறைபனி விழும் ஊர்களில் 45. இந்த ஓர் இடத்தில் சிக்கனம் பார்த்தால் மற்ற எல்லா வேலையும் வீண்.

பலகை உளுத்திருந்தால் கொக்கி எதுவும் நிற்காது. ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள்; சிரமமில்லாமல் இறங்கினால் அந்தத் துண்டை அறுத்து மாற்றிவிட்டு, புதுப் பலகையின் வெட்டு முனைகளுக்கும் பின்பக்கத்துக்கும் சேர்த்து பெயின்ட் அடித்த பிறகே பீலியை ஏற்ற வேண்டும். முன்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்த பலகை பின்னாலிருந்து உளுக்கும். செங்கல் அல்லது கான்கிரீட் சுவரானால் பிளக் போட்டு, பூச்சைத் தாண்டி உள்ளே ஐந்து சென்டிமீட்டராவது துளையிட வேண்டும். வெறும் பூச்சில் பிடித்த ஸ்க்ரூ நிரம்பிய பீலியை ஒருமுறைகூடத் தாங்காது.

பீலியை உயர்த்தும்போது எல்லாக் கொக்கிகளையும் ஒரே நேரத்தில் கழற்றுவது பெரிய தப்பு. நீளமான தகடு நடுவில் வளைந்து, நல்ல இணைப்புகளும் பிய்ந்துவிடும். இரண்டு அல்லது மூன்று கொக்கியாகத் தளர்த்தி, கயிற்றுச் சுருக்கால் பீலியைத் தாங்கவைத்து, நூலுக்கு ஏற்றி, முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். முன்விளிம்பு பின்விளிம்பைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கட்டும். தாங்க முடியாத மழையில் வழிந்தாலும் தண்ணீர் வெளியே விழும், சுவரில் இறங்காது.

இதற்குப் பிறகுதான் ஒழுகலுக்கு வர வேண்டும். ஒழுகும் சொட்டு விழுகிற இடமும் ஓட்டை இருக்கிற இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். தண்ணீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து போய் எங்கோ சொட்டும். பீலியின் வெளிப்பக்கத்தை நன்றாகக் காயவிட்டு, அடியில் சுண்ணாம்புத் தூளைத் தேய்த்துவிட்டு, ஒவ்வொரு இணைப்புக்கும் சற்று மேல்பக்கமாக ஒரு சொம்புத் தண்ணீர் மெதுவாக ஊற்றுங்கள். தூள் நனையும் கோட்டின் மேல்முனைதான் ஓட்டை. தாழ்ந்த முனையில் தொடங்கி மேலே மேலே போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் ஒரே ஊற்றில் எல்லாம் நனைந்து எதுவும் தெரியாது.

தண்ணீர் பீலிக்கும் பலகைக்கும் நடுவே இறங்கினால் பீலியில் குற்றமே இல்லை. கூரை விளிம்பு பீலிக்குள் போதுமான அளவு நீளவில்லை. ஓடு அல்லது தகடு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் பீலியின் மேல் நீண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கூரை விளிம்புக்கு அடியில் ஒரு மடிப்புத் தகட்டைச் செருகி, அதன் கீழ்நுனி பீலிக்குள் இறங்கும்படி வைத்தால் தீர்ந்தது. இந்த இடத்தில் எத்தனை டியூப் சீலண்ட் (இடுக்கை அடைக்கும் பசை) பிதுக்கினாலும் பயனில்லை.

உலோகப் பீலியின் இணைப்பைச் சரிசெய்ய, பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுப்பதுதான் பாதி வேலை. பழைய சிலிக்கான் மேல் புதிய சிலிக்கான் ஒட்டாது. வேறு எந்தப் பசையும் அதன் மேல் ஒட்டாது. சுரண்டி, கம்பி பிரஷால் தேய்த்து, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, முழுக்கக் காயவிடுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் அமிலம் விட்டுக் காய்வது. துத்தநாகப் பூச்சை அது அரிக்கும். வாடையில்லாத நியூட்ரல் வகை, பாலியூரித்தேன் அல்லது பியூட்டைல் சீலண்ட் வாங்குங்கள். கருப்புத் தார்ப்பசை வெயிலில் காய்ந்து வெடித்துவிடும், அவசரத்துக்கு மட்டும்.

மேல்பக்கத் துண்டு கீழ்பக்கத் துண்டின் உள்ளே அமர வேண்டும். தலைகீழாக மாட்டியிருந்தால் ஓட்டம் நேராக இடுக்குக்குள் போகும். இரண்டு தகடும் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடத்தில் ஆறு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கோடு சீலண்ட், பிறகு மூன்று நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு ரிவெட், ரிவெட் தலைகளின் மேல் ஒரு பொட்டு. ஸ்க்ரூ வேண்டாம், உள்ளே நீட்டும் நுனியில் இலை சிக்கி ஒரு குப்பைக் கூடே கட்டிவிடும். கடைசியாக உள்பக்கம் இடுக்கின் மேல் இரு பக்கமும் இரண்டரை சென்டிமீட்டர் அகலத்துக்கு மெல்லிதாக இழுத்துவிடுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கெட்டியாக அப்பினால் பாதுகாப்பு கூடும் என்ற நினைப்பில் ஒரு வரப்பே கட்டிவிடுகிறார்கள். மூன்று மில்லிமீட்டர் வரப்பு போதும், அதற்கு மேல்பக்கம் மீட்டர் கணக்கில் தண்ணீர் நிற்க. வடிகால் வாயின் உதடு உள்ளே துருத்திக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். அதை உட்காரவைக்க வேண்டும், அல்லது அரத்தால் தேய்த்துவிட வேண்டும்.

துரு ஓட்டைக்கு ஒட்டு போடும்போது அடிப்பக்கம் போடாதீர்கள், உள்பக்கம் போடுங்கள். ஓட்டையைச் சுற்றி 5 சென்டிமீட்டர் அதிகமாக, அதே உலோகத்தில் வெட்டிய தகடு வேண்டும். அலுமினியப் பீலிக்குச் செம்புத் துண்டு வைத்தால் ஒட்டு நிற்கும், சுற்றியுள்ள அலுமினியம் கரையும். கையளவு தூரத்துக்கு ஓட்டை ஓட்டையாக இருந்தால் ஒட்டுப்போடாமல் அந்த நீளத்தையே மாற்றிவிடுங்கள்.

பிவிசி பீலி வேறு சாதி. ஒரு மீட்டர் பிவிசி ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் நீளும். 4 மீட்டர் பீலி விடியற்காலைக்கும் உச்சிவெயிலுக்கும் நடுவே 30 டிகிரி சூடேறினால் 8 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அந்த நீட்சிக்கு இடம் விடத்தான் இணைப்பில் ரப்பர் வளையமும், உள்ளே நிறுத்தக் கோடும் வைத்திருக்கிறார்கள். பீலியை அந்தக் கோடு வரை மட்டும் தள்ளுங்கள். ஒழுகுகிறதே என்று அந்த ரப்பர் இணைப்பைப் பிவிசி பசையால் ஒட்டிவிட்டால், அடுத்த கோடையில் வேறொரு இடம் பிளக்கும் அல்லது கொக்கி தெறிக்கும். ஒழுகும் பிவிசி இணைப்பைக் கழற்றி, ரப்பரில் ஒட்டிய மண்ணைத் துடைத்து, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி மாட்டினாலே பாதி சரியாகிவிடும். கிரீஸ், எண்ணெய் தடவாதீர்கள், ரப்பர் உப்பிவிடும். வளையம் தட்டையாகிவிட்டிருந்தால் புதிது மாற்றுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் இருபுறமும் 15 சென்டிமீட்டருக்குள் ஒரு கொக்கி கட்டாயம்.

எல்லாம் சரியாக இருந்தும் பெருமழையில் மட்டும் வழிந்தால் அது ஒழுகல் அல்ல, கொள்ளளவுக் குறை. ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். 60 சதுர மீட்டர் கூரையில் மணிக்கு 60 மில்லிமீட்டர் கொட்டினால் நிமிடத்துக்கு 60 லிட்டர் வரும். ஒற்றைச் சின்னக் குழாய் அதை வாங்காது. இன்னொரு இறங்கு குழாய் வைப்பது பீலியை அகலப்படுத்துவதைவிட மலிவு. அதற்கு முன், இருக்கிற குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கீழ் வளைவில்தான் பெரும்பாலும் அடைக்கும். ஹோஸைக் கீழிருந்து மேல்நோக்கிச் செருகித் தண்ணீர் விட்டால், மேலிருந்து தள்ளுவதைப்போல் அடைப்பு இறுகாமல் கலைந்து வரும். வலைமூடி போட்டால் சுத்தம் செய்யவே வேண்டாம் என்று விற்பவர்கள் சொல்வதை முழுக்க நம்ப வேண்டாம். பொடி இலையும் மண்ணும் வலையைத் தாண்டிப் போகும்.

அடியில் துளை போட்டுத் தேங்கிய தண்ணீரை வடிக்கும் வழக்கத்தையும் கண்டிக்க வேண்டும். அந்தத் துளை அஸ்திவாரத்தின் ஓரத்தில் தண்ணீர் ஊற்றுகிறது. இறங்கு குழாயின் வாயும் சுவரிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளியே திறக்க வேண்டும்.

இவ்வளவையும் ஏணியின் மேல் நின்றுதான் செய்ய வேண்டியிருக்கிறது. ஏணியைப் பீலியின் மேல் சாய்த்தால் நிமிர்த்திய வேலை அங்கேயே போச்சு; சுவரிலிருந்து விலக்கி நிறுத்தும் தாங்கியை மாட்டிச் சுவரில் சாயுங்கள். நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில் அடியைத் தள்ளி வையுங்கள். கூரை ஓரமாக வரும் மின்கம்பியின் பக்கத்தில் அலுமினிய ஏணி கூடாது. சீலண்ட் பூசியபின் 24 மணி நேரமாவது காயவிட்டு, அதன் பிறகு மேல்முனையில் ஹோஸை வைத்துப் பத்து நிமிடம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஹோஸை நிறுத்தி அரை மணிக்குப் பிறகும் எங்காவது விரல் நனையும் அளவு தண்ணீர் நின்றால், அந்த இடத்துக் கொக்கியை மறுபடி ஏற்ற வேண்டும்.

இப்படிக்கு,
கூரை வேலை செய்யும் வாசகர் ஒருவர்