வாளை எழுதியவர்களே, மனுவையும் எழுதுங்கள்: ஜப்பான் வரலாறு எழுதும் தமிழருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் ஜப்பான் வரலாற்றை எழுதுகிற, மொழிபெயர்க்கிற, பதிப்பிக்கிற நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் எழுத்தைத் தேடித்தேடிப் படிக்கிறவன் நான். ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்களான ஷோகன்களின் காலத்தைப் பற்றித் தமிழில் எது வந்தாலும் விடுவதில்லை. அந்த உரிமையில்தான் இந்த மடல்.

சாமுராயின் வாளை எப்படி அடித்தார்கள், எஃகை எத்தனை முறை மடித்தார்கள் என்பது வரை உங்கள் கட்டுரைகளில் இருக்கிறது. வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகும் சடங்குக்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிறீர்கள். அந்த வாளைப் பிடித்தவன் உண்ட சோறு எங்கிருந்து வந்தது என்பதற்கு மட்டும் ஒரே ஒரு வரி. பல வேளை அதுவும் இல்லை. இது என்னை உறுத்துகிறது. அந்த ஆட்சியே அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த ஆட்சி. தொகுகவா குடும்பத்து ஷோகன்களின் காலத்தில் ஒரு பிரபுவின் தகுதியை அவன் நிலம் எத்தனை கொகு விளையும் என்று கேட்டுத்தான் எடைபோட்டார்கள். ஒரு கொகு ஏறத்தாழ 180 லிட்டர். ஓர் ஆள் ஓராண்டு சாப்பிடப் போதும் என்று போட்ட கணக்கு. பத்தாயிரம் கொகு இருந்தால் அவன் டைமியோ, அதாவது பெரும்பிரபு. காகா பகுதியை ஆண்ட மயெதா குடும்பத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல். சாமுராய்க்குச் சம்பளத்தையும் அரிசியில்தான் அளந்தார்கள். கலமும் மரக்காலும் வைத்து நெல் அளந்த மொழியில் எழுதுகிற நாம் இதை விட்டுவிடலாமா?

அரிசியை விளைவித்தவர்கள் வாய் பேசாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் எழுதியது இருக்கிறது. 1275ஆம் ஆண்டு, மங்கோலியரின் முதல் படையெடுப்பு முடிந்து ஏறத்தாழ ஓராண்டு ஆன காலம். வரலாற்று நூல்கள் எல்லாம் அப்போது கடற்கரையையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. அதே ஆண்டில் கீ மாகாணத்து மலைப்பகுதியில், அதெகவா என்ற பண்ணையின் குடியானவர்கள் நிலத்தின் உடைமையாளருக்கு ஒரு முறையீடு எழுதினார்கள். பதின்மூன்று அம்சங்கள். பெரும்பாலும் கதகனா எழுத்தில், ஒலிக்கிறபடியே எழுதியது. படித்தவர்களின் சீன எழுத்துகள் அதில் மிகக் குறைவு. பள்ளிக்கூடம் காணாத கை, தனக்குத் தெரிந்த எழுத்தை வைத்துக்கொண்டு நீதி கேட்டிருக்கிறது.

அவர்கள் குற்றம் சாட்டியது ஜிதோவை. 1185இல் மினமோட்டோ யொரிடொமோ அரசவையிடம் அனுமதி வாங்கிப் பண்ணைகளில் அமர்த்திய படைவீரனின் பதவி அது. வரி வசூலும் காவலும் அவன் கையில். ஒரே நிலத்துக்கு இப்படி இரண்டு எசமானர்கள். உடைமையாளருக்கு மரம் வெட்டி அனுப்ப வேண்டும். ஜிதோவோ எங்களை ஊழியத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறான் என்கிறது அந்த மனு. மிச்சமிருக்கும் கொஞ்சம் பேரும் மரம் வெட்ட மலையேறினால், ஊரைவிட்டு ஓடிப்போனவர்களின் நிலத்தில் கோதுமை விதைக்கச் சொல்லித் திருப்பி விரட்டுகிறான். விதைக்காவிட்டால் உங்கள் பெண்டு பிள்ளைகளைப் பிடித்து அடைத்து, காதை அறுத்து, மூக்கைச் சீவி, தலைமயிரை வெட்டித் துறவினி ஆக்கிவிடுவேன், கயிற்றால் கட்டி வதைப்பேன் என்று மிரட்டுகிறான். ஆகவேதான் மரம் வந்துசேரத் தாமதமாகிறது என்று பணிவாக முடிக்கிறார்கள். அத்தனை கொடுமையையும் சொல்லிவிட்டு, மரம் தாமதமானதற்கு விளக்கம் தருகிறார்கள்! இந்த இடத்தைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் அடுத்த வரிக்குப் போகவில்லை.

அழுகிற குழந்தையையும் ஜிதோவையும் யாராலும் வெல்ல முடியாது என்று ஜப்பானியர் பழமொழியே சொல்வார்கள். ஒரு பதவியின் கொடுமை பழமொழியாகும் அளவுக்கு மக்கள் நெஞ்சில் தைத்திருக்கிறது. ‘நிலப்பிரபுத்துவம்’ என்ற ஒற்றைச் சொல்லைப் போட்டுவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். ஜிதோ என்ற ஆளே அதற்குள் காணாமல் போகிறான்.

இடையில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஷோகனை ‘மன்னர்’ என்று எழுதாதீர்கள். மன்னர் கியோத்தோவில் இருந்தார். அவர் பெயரால் படைத்தலைவன் ஆண்டான். பெயர் ஓரிடத்திலும் அதிகாரம் வேறிடத்திலுமாக 1868 வரை நடந்த அந்த ஏற்பாடுதான் விளக்கப்பட வேண்டிய புதிர். ‘மன்னர்’ என்று எழுதினால் அந்தப் புதிரே மறைந்துபோகிறது.

1588இல், அப்போது நாட்டைத் தன் கையில் வைத்திருந்த படைத்தலைவர் ஹிதெயோஷி, நாட்டுப்புறத்தார் கையிலிருந்த வாள், வில், ஈட்டி, துப்பாக்கி அத்தனையையும் பறிக்க ஆணையிட்டார். உருக்கிப் பெரிய புத்தர் சிலைக்கான கோவிலுக்கு ஆணியும் கொக்கியும் செய்யப்போகிறோம், உங்களுக்குப் புண்ணியம் என்றது அந்த ஆணை. அதன்பின் உழுகிறவன் உழுகிறவனே, வாள் ஏந்துகிறவன் வாள் ஏந்துகிறவனே. ஆயுதம் போன குடியானவனிடம் மிஞ்சியதில் ஒன்று மனு. அதையும் நேரே மேலிடத்துக்குக் கொண்டுபோனால் தலை போகும்.

குஜோவின் கதையைத் தமிழில் நான் எங்கும் படித்ததில்லை. மினோ மாகாணத்தில், இன்றைய கிஃபு மாநிலத்தில் இருக்கிறது குஜோ. 1754இல் அங்கே ஆண்ட கனமொரி பிரபு, நிலையாக இருந்த வரியைக் கைவிட்டு, ஆண்டுதோறும் விளைச்சலைப் பார்த்து வரி போடும் முறைக்கு மாற முயன்றார். உழைத்துக் கூடுதலாக விளைவித்தால் அதுவும் பறிபோகும் என்று ஊர்கள் கொதித்தன. ஒப்பந்தம் எழுதினார்கள். காகிதத்தின் நடுவில் ஒரு வட்டம். அதைச் சுற்றிக் குடைக்கம்பிகள் விரிவதுபோலப் பெயர்கள். முதல் பெயரும் கிடையாது, கடைசிப் பெயரும் கிடையாது. எவன் தூண்டியவன் என்று அதிகாரி விரல் வைத்துக் காட்ட முடியாது. அந்தத் தாள்கள் இன்றும் இருக்கின்றன. தாளைச் சுற்றிச் சுற்றித் திருப்பினால்தான் எல்லாப் பெயரையும் படிக்க முடியும்.

1755இல் அவர்களில் சிலர் ஷோகனின் தலைநகரான எடோ (இன்றைய டோக்கியோ) வரை போய், மூத்த அமைச்சர் ஒருவரின் பல்லக்கை வழிமறித்து மனுவை நீட்டினார்கள். 1758இல் விண்ணப்பப் பெட்டியில் போட்டார்கள். ஷோகன் யொஷிமுனே 1721இல் வைக்கச் செய்த பெட்டி அது. பெயரும் ஊரும் இல்லாத மனுவை எரித்துவிடுவார்கள். குடையெழுத்துக்குள் ஒளிந்தவர்கள் இங்கே தங்களைக் காட்டிக்கொண்டுதான் ஆக வேண்டும். காட்டிக்கொண்டார்கள். விசாரணையின் முடிவில் கனமொரி குடும்பம் தன் ஆட்சிப்பகுதியை இழந்தது. ஷோகனின் மூத்த அமைச்சர் ஒருவர் பதவி இழந்தார். குடியானவர்களின் மனு ஒன்று இவ்வளவு உயரத்தில் இருந்தவர்களைக் கவிழ்த்தது. மனு கொடுத்த தலைவர்களுக்கோ மரண தண்டனை. சிலருடைய தலைகளை மக்கள் பார்க்கும்படி வைத்தார்கள். இரண்டும் ஒரே வழக்கில்.

வாள் பிடித்தவனின் வீரத்துக்கு நீங்கள் எழுதிய அழகான தமிழில் கொஞ்சத்தை, பெட்டியில் அந்தத் தாளைப் போட்ட கைக்கும் தாருங்கள் என்று கேட்கிறேன். 1638இல் ஷிமாபராக் கிளர்ச்சி அடங்கியதிலிருந்து 1860கள் வரை அந்த நாட்டில் பெரும்போரே இல்லை. வாள் பெரும்பாலும் இடுப்பில் தொங்கிய காலம் அது. மனுக்களோ ஓயவே இல்லை.

பதிப்பாளர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். சாமுராய் நூலின் அடுத்த பதிப்பில் கவசங்களின் வண்ணப்படங்களுக்கு நடுவே குஜோவின் குடைத்தாள் ஒன்றையும் முழுப்பக்கத்தில் அச்சிடுங்கள். மொழிபெயர்ப்பாளர்களிடம் கேட்பது அதெகவா மனுவை. பதின்மூன்று அம்சங்கள்தான், ஜப்பானியத்திலிருந்தே நேராகக் கொண்டுவாருங்கள். திருத்தி மெருகேற்றாமல், அந்தக் கை எப்படித் தடுமாறி எழுதியதோ அப்படியே தமிழிலும் வரட்டும். யாராவது முன்வந்தால் தட்டச்சு செய்யவும் மெய்ப்புப் பார்க்கவும் நான் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகன்