கனடாவில் ஸ்காபுறோவில் இருக்கும் என் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் நான் வாயைத் திறந்தால் "பிறகு எடுக்கிறேன் அம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கொப்பித் தாளில் எழுதி, அக்காவைக் கொண்டு படம் எடுத்து அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது ஆறுதலாக இருந்து வாசி.

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் நோ குறைந்திருக்கிறது. வளவுக்குள் தண்ணீர் நின்றது, இப்போது வற்றிவிட்டது. அக்காவின் மகனுக்குக் கோயிலில் திடப்படுத்தல், சபையில் முழு அங்கமாகச் சேர்க்கிற ஆராதனை, நடந்தது. நீ ஒரு வாழ்த்துக்கூட அனுப்பவில்லை. பிள்ளை மாமா, மாமா என்று போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சரி, அதை விடு.

அன்றைக்கு வீடியோவில் பேத்தியைப் பார்த்தேன். முகம் வாடி, கன்னம் வற்றியிருந்தது. காய்ச்சலோ என்று கேட்டேன். "வந்தது மாமி, சபையில் எல்லோரும் ஜெபித்தார்கள், விட்டுவிட்டது" என்று மருமகள் சொன்னாள். எத்தனை நாள் காய்ந்தது, டொக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்டு முடிப்பதற்குள் நீ போனை வாங்கி, இங்கே மழை எப்படி என்று கேட்டாய். நானும் மழையைப் பற்றியே சொன்னேன். அப்பா பக்கத்தில் இருந்தார். அவருக்கு இது விளங்கியிருந்தால் போனிலேயே ஏசியிருப்பார்.

தம்பி, நீ போகும் சபையை நான் குறை சொல்லப் போவதில்லை. போய்ச் சேர்ந்த புதிதில், அந்தப் பேஸ்மென்ற் அறையில் தனியாக இருந்து நீ என்ன ஆனாய் என்று எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை, சின்ன மாமியின் மகள் சொன்னாள். அப்போது கதவைத் தட்டிச் சோறு கொண்டுவந்தவர்கள் அந்தச் சபையார்தான். பரம்பரையாக ஞானஸ்நானம் பெற்ற நம் ஆட்கள் அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள், ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. குடியை விட்டாய், வேலையில் நிலைத்தாய், கலியாணம் செய்தாய். இப்போது படிக்க வருகிற பொடியளுக்கு நீயே சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். நம் சபைப் போதகர் ஐயரிடம் போய்ச் சொன்னேன். கோயிலில் வேறு இரண்டு பேரிடமும் சொன்னேன். பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் எனக்குப் பிறசர் குளிசை அனுப்பவா என்று முன்பெல்லாம் கேட்கிறவன், போன முறை, "விசுவாசம் இருந்தால் குளிசை எதற்கு அம்மா?" என்றாய். அன்று முதல் எனக்கு நித்திரை இல்லை. எனக்கு வயது போய்விட்டது, என் குளிசையை நான் பார்த்துக்கொள்வேன். என் மனம் நிற்பது பிள்ளையிடம். அவளுக்கு ஒரு வயது நெருங்குகிறது. சின்னமுத்து ஊசி, அதுதான் மீசில்ஸ் ஊசி, போடுகிற காலம்.

உன் அம்மம்மா மானிப்பாய் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர். விடியற்காலையில் கண்ணாடி ஊசிகளைச் சட்டியில் போட்டுக் கொதிக்க வைத்துவிட்டு, வார்ட்டின் நடுவில் நின்று ஜெபம் சொல்வார். ஜெபம் முடிய ஊசியும் அவிந்திருக்கும். ஈரக் கையைச் சீலையில் துடைக்கமாட்டார், காற்றில் உலரவிட்டுத்தான் ஊசியைத் தொடுவார். சின்ன வயதில் வாசலில் நின்று நான் பார்த்தது இது. ஜெபம் வேறு, ஊசி வேறு என்று ஒருநாளும் அவர் நினைத்ததில்லை.

அந்த ஆஸ்பத்திரி யாருடைய பெயரில் இருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் மறந்துவிட்டாய் போல இருக்கிறது. கிறீன் வைத்தியர் 1847இல் அமெரிக்க மிஷனில் இருந்து யாழ்ப்பாணம் வந்தார். அவர் பிரசங்கம் மட்டும் செய்துவிட்டுப் போயிருக்கலாம். மானிப்பாயில் இருந்துகொண்டு நோயாளிகளைப் பார்த்தார், நம் பிள்ளைகளுக்கு வைத்தியம் படிப்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் வெளியூர் வேலைக்குப் போய்விடுகிறார்கள், ஊருக்கு வைத்தியர் இல்லை என்று கண்டு, 1864இல் இருந்து தமிழிலேயே படிப்பித்தார். உடற்கூறு, சத்திர வைத்தியம், பிரசவ வைத்தியம், இரசாயனம் என்று எல்லாவற்றுக்கும் தமிழில் புத்தகம் போட்டார்கள். அவரிடம் படித்து வெளிவந்தவர்கள் அறுபது பேருக்கு மேல். வேட்டியை விட்டுக் காற்சட்டைக்கு மாறவேண்டும் என்று அவர் கேட்கவில்லை, மாறக்கூடாது என்றுதான் சொன்னார். 1884இல் அவர் இறந்தபோது, தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று கல்லறையில் எழுதினார்கள். அவருக்கு விசுவாசம் இல்லை என்று உன் பாஸ்டர் சொல்வாரா? நீ பிறந்தது இணுவில் மக்லியோட் ஆஸ்பத்திரியில். அதுவும் 1898இல் பெண்களுக்கென்று மிஷன் ஆட்கள் தொடங்கியதுதான். மூச்சு எடுக்காமல் நீலம் பாரித்துப் பிறந்தாய் நீ. டொக்டர் அம்மா உன் காலைப் பிடித்துத் தூக்கித் தட்டினார். தாதி ஜெபித்தாள். இரண்டும் நடந்தது.

நீ வேத புத்தகத்தைக் காட்டுவாய் என்று தெரியும். சாகக் கிடந்த எசேக்கியா ராசாவுக்குப் பதினைந்து வருட ஆயுசைக் கர்த்தர் கூட்டிக்கொடுத்தார். ஆயுசு கூட்டிக் கொடுத்த பிறகும் ஏசாயா என்ன சொன்னார்? அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். வாக்குக் கிடைத்தவனுக்கே மருந்து போட்டார்கள். பவுலுக்குப் பக்கத்தில் கடைசிவரை நின்ற லூக்கா யார்? வைத்தியன். நான் ஞாயிறு பள்ளிக்கூடத்தில் உனக்குப் படிப்பித்ததுதான் இவையெல்லாம்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்ததையும் நினை. 1995 ஆடி மாதம், நவாலிச் சென் பீற்றர்ஸ் கோயிலில் தஞ்சம் புகுந்தவர்கள் மேல் குண்டு விழுந்தது. நூற்றுக்கு மேல் செத்தார்கள். சத்தம் கேட்டு ஓடிப்போய்த் தூக்கியவர்களில் சைவ ஆட்களும் இருந்தார்கள், நம் சபை ஆட்களும் இருந்தார்கள். அப்பாவின் சேட்டு முழுக்க இரத்தம். அதே வருடம் ஐப்பசி 30 இரவு, யுத்தத்தால் ஊரே இடம்பெயர்ந்து செம்மணி வழியாக நடந்தது. சாவகச்சேரியில் கோயில், பள்ளிக்கூடம் என்று நிற்க இடம் இல்லை. சின்ன மாமியின் மூத்த பிள்ளை அங்கேதான் தவறியது. வயிற்றோட்டம்தான், வேறொன்றும் இல்லை. மருந்து வரவிடாத காலம் அது. சேலைன் இல்லை. ஐயர் வந்தார், பாதர் வந்தார், நாங்கள் எல்லோரும் முழங்காலில் நின்றோம். பிள்ளை போய்விட்டது. அன்றைக்கு எங்களிடம் ஜெபம் மட்டுந்தான் இருந்தது, தம்பி. மருந்து இருக்கிற ஊரில் இருந்துகொண்டு அதை வேண்டாம் என்று தள்ளுவதை நினைக்க எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

நம் சபைகள் எல்லாம் சரியாக நடந்தன என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் கட்டினோம், ஆஸ்பத்திரி கட்டினோம், 1841இலேயே உதயதாரகை என்று பத்திரிகை போட்டோம். ஆனால் பக்கத்து வாங்கிலில் யார் இருக்கலாம், யார் தரையில் இருக்கவேண்டும் என்று சாதி பார்த்ததும் இதே கிறிஸ்தவர்கள்தான். சமபந்தி, சம ஆசனம் என்று 1920களில் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ்காரர் கேட்டபோது முகத்தைச் சுளித்தவர்கள் நம் ஆட்களிலும் உண்டு. கலியாணம் பேசும்போது இன்றைக்கும் முதலில் கேட்பது ஞானஸ்நானத்தை இல்லை. அது பாவம், நான் அதை மறைக்கவில்லை. நம் ஒழுங்கைத் தொங்கலில் தகரக் கூரை போட்டு ஒரு புதுச் சபை வந்திருக்கிறது. கிணறு இறைக்க வந்தவரின் மகள் அங்கே முன்வரிசையில் நின்று பாட்டு நடத்துகிறாள். நம் கோயிலில் அந்தப் பிள்ளைக்கு மைக் கிடைத்திருக்காது. அந்தச் சபைக்காரருக்கு அதற்காக நான் மனதாரக் கைகூப்புகிறேன். ஆனால் வாசலைத் திறந்துவிட்ட அதே கை மருந்துப் போத்தலைத் தட்டிவிடக்கூடாது.

இப்போது நம் கோயிலும் மாறித்தான் இருக்கிறது. பாமாலையும் கீர்த்தனையும் குறைந்து கோரஸ் கூடியிருக்கிறது, எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். வெள்ளிக்கிழமையில் சுகமளிக்கும் ஜெபம் வைக்கிறார்கள். முதலில் நான் போகவில்லை, பிறகு போனேன். புது ஐயர் சின்ன வயது. நெற்றியில் எண்ணெய் பூசி, தலையில் கை வைத்து, கண்ணீரோடு ஜெபிக்கிறார். ஜெபித்து முடித்ததும், "கிளினிக் கொப்பி கொண்டுவந்தீர்களா அம்மா? குளிசை ஒழுங்காக எடுக்கிறீர்களா?" என்று கேட்கிறார். ஐஸ் போதைப் பழக்கத்தில் விழுந்த பொடியன் ஒருவனுக்கு ஜெபித்துவிட்டு, அடுத்த நாள் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நுண்கடன்காரன் வாசலில் வந்து கத்தினால் அந்த வீட்டுப் பெண்ணோடு போய் நிற்கிறார். கத்தோலிக்கரில் மன்னார் ஆயராக இருந்த ராயப்பு யோசப்பு ஆண்டகையை உனக்குத் தெரியும். கடைசி யுத்தத்தில் காணாமல் போனவர்களின் கணக்கை, 1,46,679 பேர் எங்கே என்று, 2011இல் அரசாங்கத்தின் நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு முன் கேட்டவர். அவரும் முழங்காலில் நின்று ஜெபித்தவர்தான். ஆவியானவர் வந்தால் சனத்தின் உடம்பையும் பசியையும் விட்டு ஓடமாட்டார். இதை நான் யாரிடமும் கேட்டுச் சொல்லவில்லை, பார்த்துச் சொல்கிறேன்.

உங்கள் ஒன்ராறியோவில் 2025இல் இரண்டாயிரம் பேருக்கு மேல் சின்னமுத்து வந்தது என்று சின்ன மாமியின் மகள் சொன்னாள். கூடுதலாகப் பிடித்தது ஊசி போடாதவர்களைத்தானாம். நம் நாட்டில் அந்த நோய் அற்றுப்போனது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது, 2023இல் திரும்ப வந்துவிட்டது. பெரிய மாமா ஏன் ஒரு பக்கம் சாய்ந்து சைக்கிள் மிதித்தார் என்று நீ சின்னதில் கேட்டிருக்கிறாய். போலியோச் சொட்டு ஊருக்கு வர முன்னம் பிறந்தவர் அவர். ஜெபத்தில் குறை வைக்காத வீடு அது.

ஊசியைப் பார்த்துக்கொள் தம்பி. வேறு எதையும் நான் கேட்கவில்லை. அந்தச் சபையை விடு என்று சொல்லவில்லை. கையைத் தட்டிப் பாடு, உபவாசம் இரு, எனக்கும் சேர்த்து ஜெபி. ஊசியை மட்டும் பார்த்துக்கொள். மருமகளைத் தனியே விட்டு முடிவெடுக்கச் சொல்லாதே, அவள் உன் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறாள். அன்றைக்கு "விட்டுவிட்டது மாமி" என்று சொன்னபோதும் உன்னைத்தான் பார்த்தாள், நான் கவனித்தேன்.

பிறந்ததில் இருந்து பேத்திக்குப் போட்ட ஊசியெல்லாம் எழுதிய மஞ்சள் கார்ட் ஒன்று அங்கே இருக்குமாம். அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. ஒன்றும் போடவில்லை என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லு, நான் கத்தமாட்டேன், அப்பாவிடமும் சொல்லமாட்டேன். டொக்டரிடம் நாள் எடுக்க உனக்குக் கூச்சமாக இருந்தால், சின்ன மாமியின் மகள் மார்க்கம் நகரில் இருந்து வந்து பிள்ளையையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு போவாள். அவளிடம் நான் கேட்டுவிட்டேன், கோபிக்காதே. சனிக்கிழமை அவளுக்கு லீவு. உன் பதிலை அவளும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அம்மா