கமலத்தின் கால் எரிச்சலும் இரண்டு மாத்திரைகளும்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள கதிரேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன், மிகுந்த மகிழ்ச்சி. மருந்துக்கடையை இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். நான் மாலை வேளையில் மட்டும் போய் உட்காருகிறேன். தங்கை கமலத்தின் கால் எரிச்சலுக்குக் கோயம்புத்தூர் மருத்துவர் எழுதிய டுலோக்செடின், மனச்சோர்வுக்குத் தரும் மருந்து என்று யாரோ சொல்லக் கேட்டு, அவள் அதைத் தொடவே மறுப்பதாக நீ எழுதியிருப்பதுதான் மனத்தை உறுத்துகிறது. அதைப் பற்றியே எழுதுகிறேன்.

மருத்துவர் மாற்றி எழுதிவிடவில்லை. டுலோக்செடின் மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படுவதுதான். ஆனால் சர்க்கரை நோயால் நரம்பு கெட்டுப் பாதம் எரிந்து மதமதத்துப் போகிறவர்களுக்கும் அது உரிய மருந்து. அமெரிக்காவில் 2004-ஆம் ஆண்டிலேயே இரண்டுக்கும் ஒப்புதல் கிடைத்துவிட்டது. மனநிலையோடு தொடர்புடைய செரோடோனின், நார்அட்ரினலின் என்னும் வேதிப்பொருள்களே, தண்டுவடத்தின் வழியாக மேலேறும் வலிச் செய்தியை அடக்குவதிலும் பங்கெடுக்கின்றன. அவற்றின் செயலை இம்மருந்து கூட்டுவதால், மனச்சோர்வே இல்லாதவருக்கும் வலி குறைகிறது. அமிட்ரிப்டிலினும் இவ்வாறே: மனச்சோர்வுக்கு 75 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொடுக்கப்படுவது, நரம்பு வலிக்கு இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கப்படுகிறது. வயதானவர்களுக்கு அதனால் மலச்சிக்கலும் தலைச்சுற்றலும் அதிகம் வரும்.

இது ஒரே மருந்து இரண்டு நோய்க்குப் பயன்படும் கதை. இதைவிட எனக்குக் கவலை தருவது, பெயர் ஒலியால் குழம்பும் டிரமடாலும் டிரசோடோனும். முன்னது அபினி வகையைச் சேர்ந்த வலி மருந்து. இந்தியாவில் 2018-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. பின்னது மனச்சோர்வுக்கானது, தூக்கம் வருவதற்காகவும் எழுதுகிறார்கள். இரண்டுமே 50 மில்லிகிராம் அளவில் கிடைக்கின்றன. வேலந்தாவளத்திலிருந்து வந்த ஒருவர் நீட்டிய சீட்டில், முதல் எழுத்துகளுக்குப் பிறகு வெறும் கோடுதான் ஓடியது. பக்கத்தில் 50, இரவு ஒன்று. வலி எங்கே என்று கேட்டேன். "வலியொன்றும் இல்லை சாரே, உறக்கம்தான் இல்லை" என்றார். எழுதிய மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே டிரசோடோன் அட்டையை எடுத்தேன். அமெரிக்காவில் இவ்விரு பெயர்களிலும் வேறுபடும் நடு எழுத்துகளை மட்டும் பெரிதாக அச்சிடும் வழக்கம் இருக்கிறது. பிரிண்டெலிக்ஸ் என்ற மனச்சோர்வு மருந்தின் பெயரையோ, இதய நோயாளிகளின் பிரிலிண்டாவோடு குழம்புகிறது என்பதற்காக, 2016-இல் அங்கே டிரிண்டெலிக்ஸ் என்றே மாற்றிவிட்டார்கள். எந்த நோய்க்கு என்பதையும் மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சொல்லில் எழுதித் தரும்படி கேட்பது நோயாளியின் உரிமை என்றே நான் கருதுகிறேன்.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன், கவனமாகப் படி. கமலம் முழங்கால் வலிக்கு உள்ளூர் எலும்பு மருத்துவரிடம் வாங்கும் மாத்திரையில் டிரமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்திருப்பதாக நீ எழுதியிருக்கிறாய். டிரமடாலும் செரோடோனினைக் கூட்டுவதால், டுலோக்செடினோடு சேரும்போது நடுக்கம், மிகுந்த வியர்வை, பதற்றம், காய்ச்சல், சில சமயம் வலிப்புகூட வரக்கூடும். அது மட்டுமல்ல, டிரமடால் கல்லீரலில் வலியடக்கும் வடிவத்துக்கு மாறுவதையும் டுலோக்செடின் ஓரளவு தடுப்பதால், முழங்கால் வலியும் சரியாக அடங்காது. ஒரு மருத்துவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் இங்கே உள்ள ஆபத்து. ஆகையால் டுலோக்செடினைத் தொடங்கும் முன் இரண்டு சீட்டுகளையும் அட்டைகளையும் கோயம்புத்தூர் மருத்துவரிடம் காட்டு. நாள்பட்டுச் சாப்பிட்டுவரும் டிரமடாலையும் அவளாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. எதை எப்படிக் குறைப்பது என்பதை அவரே சொல்லட்டும்.

அவர் சம்மதித்துத் தொடங்கினால், முதல் சில நாட்கள் குமட்டல் இருக்கலாம். சாப்பிட்ட பின் விழுங்கினால் தணியும். குளிகையைத் திறந்து கொட்டிக் கலக்கக் கூடாது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதால் நான்காம் நாளே அலுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். பலன் தெரிந்த பிறகும் சட்டென்று விட்டால் தலை சுற்றும், மின்சாரம் தொட்டதுபோல் உடம்பு அதிரும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனைத் தாள்களையும் மறவாமல் எடுத்துப் போ. மருத்துவர் சொன்னதை அன்றே எனக்கு எழுது.

அன்புடன்,
சோமசுந்தரம்