ஜிஎஸ்டி கவுன்சிலுக்கு: பிளக்-இன் ஹைப்ரிட் காருக்குத் தனி வரி வேண்டும்

மதிப்பிற்குரிய கவுன்சில் தலைவர் அவர்களுக்கும் மாநில நிதியமைச்சர்களுக்கும் வணக்கம்.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு கார் வாங்கப் பார்க்கிறோம். தினமும் தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போய்வர 40 கிலோமீட்டர் வரும். பண்டிகைக்குத் தென்காசி; ஒரு வழிக்கே 600 கிலோமீட்டருக்கு மேல். தினசரி ஓட்டத்துக்கு மின்சாரக் கார் போதும். ஆனால் தீபாவளி நெரிசலில், வயதான அம்மாவை வைத்துக்கொண்டு, நெடுஞ்சாலை சார்ஜிங் நிலையத்தில் காத்துக்கிடக்க மனசு வரவில்லை. இரண்டுக்கும் ஈடுகொடுப்பது பிளக்-இன் ஹைப்ரிட்தான்: பிளக்கில் மாட்டி சார்ஜ் ஏற்றும் பேட்டரியும், அது தீர்ந்தால் ஓட்ட பெட்ரோல் இன்ஜினும் சேர்ந்த கார்.

கணக்கைப் பாருங்கள். 15 யூனிட் மின்சாரம் ஏற்றினால் குடும்பக் கார் ஒன்று சுமார் 70 கிலோமீட்டர் ஓடும். யூனிட் 10 ரூபாய் என்றே வைத்தாலும் 150 ரூபாய். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காரில் அதே தூரத்துக்கு 5 லிட்டர், ஏறக்குறைய 500 ரூபாய். ராத்திரி வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் விடிவதற்குள் ஏறிவிடும்.

சரி, வரிக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டர் நீளத்தைத் தாண்டிய ஹைப்ரிட்டுக்கு, பிளக்-இன் ஆனாலும், ஜிஎஸ்டி 40%. மின்சாரக் காருக்கு 5%. வரிக்கு முந்தைய விலை 20 லட்சம் என்றால், ஒன்றுக்கு 8 லட்சம், மற்றதற்கு 1 லட்சம். தினமும் மின்சாரத்திலேயே ஓடக்கூடிய வண்டிக்கும் பிளக்கே இல்லாத பெரிய பெட்ரோல் எஸ்யூவிக்கும் ஒரே வரி என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. இங்கே இந்த ரகம் பெரும்பாலும் கோடி ரூபாய் சொகுசு கார்களிலேயே கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். உத்தரப்பிரதேசம் 2024 ஜூலையிலேயே பிளக்-இன் ஹைப்ரிட் கார்களுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தது.

உங்களுக்குத் தயக்கம் இருந்தால் அதிலும் நியாயம் உண்டு. ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்ட தரவுப்படி, பிளக்-இன் கார்கள் சாலையில் விடும் கரியமில வாயு ஆய்வகக் கணக்கைப் போல 3.5 மடங்கு. எதிர்பார்த்த அளவுக்கு யாரும் சார்ஜ் போடுவதில்லை. அதிலும் கம்பெனி கொடுத்த காருக்குப் பெட்ரோலும் கம்பெனி செலவு என்றால், பிளக்கைத் தொட யாருக்குத் தோன்றும்?

அதனால் நான் 5% கேட்கவில்லை. மின்சாரத்தில் மட்டும் 60 கிலோமீட்டராவது ஓடும் காருக்கு, நீளம் பார்க்காமல், 18% வையுங்கள். கம்பெனி பெயரில் வாங்குபவர்களுக்கு இந்தச் சலுகை வேண்டாம். அப்புறம், சலுகை பெறும் ஒவ்வொரு காருக்கும் பேட்டரி தீர்ந்தபின் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை விளம்பரத்திலேயே தனியாக அச்சிட வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். தென்காசிக்குப் போகிற வழியில் பெரும்பகுதித் தூரம் எங்களுக்குக் கிடைக்கப்போவது அந்த மைலேஜ்தான்.

இப்படிக்கு,
தாம்பரத்திலிருந்து ஒரு குடும்பத் தலைவி